பள்ளிக்கூடம் 3 கி.மீ... தினமும் ஓடுவதோ 12 கி.மீ! பிள்ளைகள் மறுபடியும் சைக்கிள் மிதிக்க வழி இருக்கிறதா?

காலை 8.30 மணி. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தால் காட்சி ஒன்றுதான். ஹாரன் சத்தம். குறுக்கும் நெடுக்குமாக ஸ்கூட்டர்கள். முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் இன்னொரு பிள்ளை உட்கார, இரண்டு புத்தகப்பைகளும் ஒரு சாப்பாட்டுக் கூடையும் தொங்க, ஒற்றைக் காலை ஊன்றியபடி தடுமாறும் அம்மா. திரும்ப இடமில்லாமல் நடுரோட்டில் நிற்கும் ஒரு கார். பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு வரும் ஆட்டோ. ஓரமாக நடந்து வரும் நாலு பிள்ளைகளுக்குத்தான் அங்கே வழியே இல்லை.

"ரோட்டுல ட்ராஃபிக் அதிகமா இருக்கு, பிள்ளையை எப்படித் தனியா அனுப்புறது?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. நியாயமான பயம்தான். ஆனால், அந்த அரைமணி நேர ட்ராஃபிக்கில் பெரும்பகுதி யாருடையது? பிள்ளையை ட்ராஃபிக்கில் இருந்து காப்பாற்ற வண்டியை எடுத்த பெற்றோருடையது. ஒருவர் வண்டியைப் பார்த்துப் பயந்து அடுத்தவர் வண்டி எடுக்க, அவரைப் பார்த்து இன்னொருவர் எடுக்க, கடைசியில் நடந்து வந்த பிள்ளையும் ஸ்கூட்டரில் ஏறிவிட்டது.

ஒரு சின்ன வீட்டுக் கணக்கு

பள்ளி 3 கி.மீ தொலைவு என்று வைத்துக்கொள்வோம். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் 6 கி.மீ. மாலையில் அழைத்துவர மறுபடியும் 6 கி.மீ. ஒரு நாளைக்கு 12. இதில் பிள்ளை வண்டியில் உட்கார்ந்திருப்பது வெறும் 6 கி.மீ-தான். மீதிப் பாதி தூரம் வண்டி சும்மா ஓடுகிறது.

நடுநிலை வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள்கள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அப்படியானால் 2,640 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ ஓடும் ஸ்கூட்டர் என்றால் கிட்டத்தட்ட 59 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று தோராயமாகப் போட்டாலே வருஷத்துக்கு 5,900 ரூபாய். ஒரு நல்ல சைக்கிளின் விலை!

புகைக்கணக்கும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 135 கிலோ. வாசலில் இப்படி 100 ஸ்கூட்டர்கள் நின்றால் 13 டன்னைத் தாண்டும். அந்த 100 ஸ்கூட்டர்களும் சேர்ந்து ஓடும் தூரம், பூமியை ஆறு முறை சுற்றி வருவதைவிட அதிகம். எல்லாம் 3 கி.மீ தள்ளி இருக்கும் ஒரு பள்ளிக்குப் போய்வர.

"நாங்கதான் இ-ஸ்கூட்டருக்கு மாறிட்டோமே!" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகை குறையும், நல்ல விஷயம். வாசலில் நெரிசல் மட்டும் அப்படியேதான் இருக்கும். பிள்ளையின் கால்களுக்கும் வேலை இருக்காது. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சுவாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.இ.டி பீரியடை கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்ளும் பள்ளிகளில் அந்த 60 நிமிடங்கள் எங்கே கிடைக்கும்? போகிற வழியில் கிடைத்தால்தான் உண்டு.

2012-ல் டென்மார்க்கில் 5 முதல் 19 வயது வரையிலான சுமார் 20,000 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. காலையில் சாப்பிட்டுவிட்டு வருவது கவனத்தைக் கூட்டுகிறதா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள். வந்த முடிவு வேறு மாதிரி இருந்தது. நடந்தோ சைக்கிளிலோ வந்த பிள்ளைகள், வண்டியில் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகளைவிடக் கவனத்தேர்வில் நன்றாகச் செய்தார்கள். அந்த வித்தியாசம் பள்ளி தொடங்கி நான்கு மணி நேரம் வரை தெரிந்ததாம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே மார்க் கூடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் பீரியடில் கொட்டாவி குறைந்தால் போதாதா?

பள்ளி தூரமானது எப்படி?

ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 1 கி.மீ-க்குள், ஆறிலிருந்து எட்டு வரை 3 கி.மீ-க்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதி. இரண்டுமே காலால் கடக்கக்கூடிய தூரம். ஒரு கிலோமீட்டரைச் சிறு பிள்ளை கால் மணி நேரத்தில் நடந்துவிடும். மூன்று கிலோமீட்டரை சைக்கிள் அதே கால் மணி நேரத்தில் கடந்துவிடும்.

ஆனால், நடுத்தரக் குடும்பங்கள் பக்கத்துத் தெருப் பள்ளியைத் தாண்டி, ஊரின் மறுகோடியில் இருக்கும் மெட்ரிக் பள்ளியிலும் சி.பி.எஸ்.இ பள்ளியிலும் சேர்க்கின்றன. அட்மிஷன் போடும்போது ஃபீஸ், ரிசல்ட், ஏ.சி கிளாஸ் எல்லாம் விசாரிக்கிறார்கள். "பிள்ளை தானாக வந்துபோகும் தூரமா?" என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதற்குத்தான் அடுத்த பன்னிரண்டு வருஷம் தினமும் இரண்டு வேளை வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

தூரம்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது என்பதை ஹைதராபாத்தில் நடந்த ஓர் ஆய்வும் காட்டியது. 2016-ல் வெளியான அந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நடந்தே பள்ளிக்கு வருவது தெரிந்தது. பெருநகரம்தான், ஆனாலும் நடக்கிறார்கள். தூரம் கூடக்கூட அந்த எண்ணிக்கை சரசரவென இறங்கிவிடுகிறது. சைக்கிளில் வந்தவர்கள் மிகமிகக் குறைவு.

இதில் நாம் மறந்துவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. பசுமைப் பயணம் என்று புதிதாகப் பாடம் எடுக்க நினைத்தால், அதை எடுக்க வேண்டியது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அல்ல. அவர்கள் நடந்தும், இலவச பாஸில் டவுன் பஸ் ஏறியும், அரசு கொடுத்த சைக்கிளை மிதித்தும் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சுற்றுச்சூழல் தினத்தன்று மேடையில் மரக்கன்று நட்டுவிட்டு, மாலையில் காரில் ஏறிப்போகும் பிள்ளைகளுக்குத்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

புதுக்கோட்டை ஓட்டிக் காட்டிய சைக்கிள்

சைக்கிளைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டையைத் தாண்டிப் போக முடியாது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன இயக்கம் அது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். படிக்கக் கற்றுக்கொடுக்கப் போகும் பெண் தொண்டர்கள், ஊர் விட்டு ஊர் போக யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதால், சைக்கிள் பயிற்சியும் இயக்கத்தின் ஒரு பகுதியானது. விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளர்கள், பால்வாடி ஊழியர்கள், செவிலியர்கள், டீச்சர்கள் எனப் பெண்கள் திரண்டு வந்து மைதானங்களில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றார்கள்.

அந்த அலையை நேரில் பார்த்து எழுதியவர் பத்திரிகையாளர் பி.சாய்நாத். லட்சத்துக்கும் அதிகமான கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாக அவர் பதிவுசெய்திருக்கிறார். அதில் ஒரு தகவல் சுவாரஸ்யமானது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பியும் வாங்கினார்கள். காரணம், முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம்!

பஸ்ஸுக்குக் காத்திருந்து போன பாதி நாள் மிச்சமானது. தண்ணீர் எடுக்க, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிப்போக இன்னொருவர் தயவு தேவையில்லாமல் போனது. கேலி பேசியவர்கள் கொஞ்ச நாளில் ஓய்ந்துபோனார்கள்.

பிறகு அரசே சைக்கிளைக் கையில் எடுத்தது. 2001-02-ம் கல்வியாண்டில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் பிளஸ் 1 மாணவ, மாணவிகள் எல்லோருக்குமாக விரிந்தது. இன்று ஏதேனும் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தால், ஒரே மாதிரியான சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். எது தன்னுடையது என்று தெரிய ஹேண்டில்பாரில் ரிப்பனும், மட்கார்டில் பெயரும், மணியில் ஸ்டிக்கரும் ஒட்டி வைத்திருப்பார்கள்.

பீகார் 2006-ல் இதே வழியில் இறங்கியது. அங்கே ஒன்பதாம் வகுப்பு சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இதை ஆராய்ந்தார்கள். திட்டம் இல்லாத பக்கத்து மாநிலம் ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், உயர்நிலை வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளின் விகிதம் 32 சதவிகிதம் கூடியிருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவிகிதம் குறைந்திருந்தது. பள்ளி 3 கி.மீ-க்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அதாவது, பிள்ளைகளைப் படிக்க விடாமல் தடுத்தது வறுமையும் மனத்தடையும் மட்டுமல்ல, அந்த தூரமும்தான்.

ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவிலும் நீண்ட தூரம் நடந்து வந்த மாணவிகளுக்கு சைக்கிள் கொடுத்துப் பார்த்தார்கள். பயண நேரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தாமதமாக வருவதும், லீவு போடுவதும் குறைந்தன. வழியில் நடக்கும் சீண்டல்களும் குறைந்தன. கூட்டமாக சைக்கிளில் போகும் பெண்களை நிறுத்தி வம்பிழுப்பது கடினம். நம் ஊர் அம்மாக்களுக்கு இது ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவு நல்ல திட்டத்தில் இடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் சைக்கிள் கைக்கு வருவது பிளஸ் 1-ல். எட்டாம் வகுப்பு வரை ஊரிலேயே படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு வெளியூர் போகத் தொடங்கும் பிள்ளை அதற்கு முன் இரண்டு வருஷம் என்ன செய்யும்? பீகாரும், 2015-ல் தொடங்கிய மேற்கு வங்கத் திட்டமும் ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுக்கின்றன. இங்கேயோ, அந்தப் பிளஸ் 1 சைக்கிளும் சில பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் வருகிறது என்ற புகார் இருக்கிறது. படிப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு வருவதும் பெரும்பாலும் பத்தாம் வகுப்பைச் சுற்றித்தான். சைக்கிள் அதற்கு முன்னால் வந்து நின்றால் நல்லது.

பயம் பொய்யில்லை

பெற்றோரின் பயத்தைக் கிண்டல் செய்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 9,500-க்கும் மேற்பட்டவர்கள் 18 வயது நிரம்பாதவர்கள். ஒரு நாளைக்கு 26 பிள்ளைகள்.

வேன், பஸ் என்றால் மட்டும் நிம்மதியா? 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்ததைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன்னால் மைதானத்தில் மஞ்சள் பஸ்களை வரிசையாக நிறுத்தி, படிக்கட்டு உயரம் முதல் அவசர வழி வரை அதிகாரிகள் சோதிப்பது அந்த விதிகளால்தான். ஒரு குழந்தையின் உயிர் போனபிறகு வந்த ஒழுங்கு அது. ஒழுங்காகப் பராமரிக்கப்படும், முழுக்க நிரம்பிய ஒரு பள்ளிப் பேருந்து 40 ஸ்கூட்டர்களை வீட்டிலேயே நிறுத்திவிடும் என்பதால் அதுவும் பசுமைப் பயணம்தான்.

பயத்தை வைத்து இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, பிள்ளையை வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தலாம். இன்னொன்றைச் செய்தது நெதர்லாந்து.

இன்று சைக்கிளுக்குப் பெயர்போன அந்த நாடு, 1970-ம் ஆண்டு வாக்கில் கார் மயமாகத்தான் இருந்தது. 1971-ல் அங்கே சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் சின்னப் பிள்ளைகள். விபத்தில் தன் மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே இயக்கத்தின் பெயரானது. பெற்றோரும் பிள்ளைகளும் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். விபத்து நடந்த தெருக்களில் விளையாட இடம் கேட்டார்கள். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, அரசு இறங்கிவந்தது. தனி சைக்கிள் பாதைகள், வண்டிகள் ஊர்ந்து போக வேண்டிய குடியிருப்புத் தெருக்கள் என அடுத்தடுத்து மாறியது. இன்று அந்த நாட்டில் மக்கள்தொகையைவிட சைக்கிள்கள் அதிகம். தொடக்கப் பள்ளியை முடிக்கும் முன் பிள்ளைகள் சைக்கிள் போக்குவரத்துத் தேர்வு எழுதி, தெருவில் ஓட்டியும் காட்டுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு எத்தனையோ ஒலிம்பியாட் தேர்வுகள் இருக்கின்றன. வலதுபக்கம் திரும்பும்போது பின்னால் பார்த்து எப்படிக் கை காட்டுவது என்ற தேர்வு மட்டும் இல்லை.

நம்மிடமும் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 சதவிகிதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும், 2018-க்குள் 80 சதவிகிதத் தெருக்களில் நடைபாதை என்று அதில் இருந்தது. பாண்டி பஜார் போன்ற சில இடங்களில் அகலமான நடைபாதை நிஜமாகவே வந்தது. அங்கே போய்ப் பார்த்தால் பாட்டி முதல் பேத்தி வரை ஆளுக்கொரு ஐஸ்க்ரீமோடு நிம்மதியாக நடக்கிறார்கள். ஆனால், பள்ளிக்கூடங்கள் இருக்கும் உள்தெருக்களில் நடைபாதை மேல் டிரான்ஸ்ஃபார்மர், பைக், டீக்கடை பெஞ்ச், குப்பைத்தொட்டி எல்லாம் இருக்கின்றன. பிள்ளை இறங்கி ரோட்டில்தான் நடக்கிறது.

நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கி.மீ-க்கு மேல் கூடாது என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த சாலைப் பாதுகாப்பு மாநாட்டில் உலக நாடுகள் அறிவித்தன. பள்ளி இருக்கும் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. இதற்குப் பல கோடி தேவையில்லை. சரியான அளவில் ஒரு வேகத்தடை, அழியாத வெள்ளைக்கோடு, காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் வண்டிகளைத் திருப்பிவிட ஒரு தடுப்பு. இத்தாலியின் போல்சானோ நகரம் பள்ளி தொடங்கும், முடியும் நேரத்தில் மட்டும் பள்ளித் தெருவை மூடிவிடும் வழக்கத்தை 1989-லேயே கொண்டுவந்துவிட்டது. லண்டனில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் இப்போது இதைச் செய்கின்றன. தேர் வரும் நாளில் நாலு மாட வீதியையும் அடைக்கத் தெரிந்த ஊர்களுக்கு இது முடியாத காரியமா என்ன?

சேர்ந்து போனால் பயமில்லை

தெரு மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று காட்டியிருக்கிறார்கள் சில ஊர்க்காரர்கள். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 2021-ல் சில குடும்பங்கள் சேர்ந்து வெள்ளிக்கிழமை காலைகளில் பிள்ளைகளோடு சைக்கிளில் கிளம்பின. பஸ் போலவே குறிப்பிட்ட வழி, குறிப்பிட்ட நிறுத்தம், குறிப்பிட்ட நேரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் சேர்ந்துகொள்ள, முன்னாலும் பின்னாலும் பெரியவர்கள். இதற்கு 'சைக்கிள் பஸ்' என்றே பெயர். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சாம் பால்டோ என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 2022-ல் புதன்கிழமைகளில் இதைத் தொடங்கினார். பாட்டு ஒலிக்க, நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஊர்வலம்போல வந்தார்கள். மறு ஆண்டே, பள்ளிப் போக்குவரத்து நிதியை இதற்கும் செலவிடலாம் என்று அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது.

ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் குழுவாக நடந்தே பள்ளிக்குப் போகும் வழக்கம் பல காலமாக இருக்கிறது. ஆறாம் வகுப்பு அண்ணனோ அக்காவோ முன்னால் போக, மஞ்சள் தொப்பி போட்ட பொடிசுகள் பின்னால் வரிசையாகப் போகும்.

சொல்லப்போனால் இது நமக்குப் புதிதே இல்லை. இன்றைய பெற்றோரில் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தான். "எலே, கிளம்பிட்டியா?" என்று வாசலில் நின்று கூப்பிட்டு, வழியில் நாலு வீட்டில் நின்று, புளியங்காய் பொறுக்கி, பெரிய அக்கா ஒருத்தியின் கையைப் பிடித்து ரோடு தாண்டிய தலைமுறை அது. விட்டுப்போன அந்தப் பழக்கத்துக்குத் தெருவின் வாட்ஸ்அப் குரூப் உயிர் கொடுக்கலாம். ஒரே அபார்ட்மென்ட்டில், ஒரே தெருவில் இருந்து ஒரே பள்ளிக்குப் போகும் பத்துப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்துக்கு ஒரு நாள்தான் டியூட்டி. மற்ற நான்கு நாள்களும் அம்மாவோ அப்பாவோ காலை டீயை உட்கார்ந்து குடிக்கலாம்.

தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆரம்பிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆரம்பித்து முதல் வாரமே நனைந்து, சளி பிடித்து, பாட்டியிடம் திட்டு வாங்கிக் கைவிட வேண்டாம். தை, மாசி தோதான மாதங்கள். சித்திரை வெயில் ஏறுவதற்குள் பழக்கம் படிந்துவிடும்.

பஸ் பாஸ் இருக்கு... பஸ் இருக்கா?

மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் போனால் பஸ்தான் சரி. பள்ளி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் தருகிறது தமிழ்நாடு. 2021-ல் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் எல்லோருக்கும் கட்டணமில்லை என்பதால், பிள்ளையோடு போகும் அம்மாவுக்கும் செலவில்லை. இவ்வளவு இருந்தும் காலை நேரத்து டவுன் பஸ் படிக்கட்டில் யூனிஃபார்ம் பையன்கள் தொங்குகிறார்கள். "சாகசம் பண்றானுங்க" என்று எல்லோரும் திட்டுகிறோம். சாகசம் செய்பவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால், அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் என்றால், லேட்டாகப் போனால் வாசலில் நிற்கவேண்டும் என்றால், நல்ல பையனும் ஒற்றைக்காலில் தொங்கத்தான் செய்வான். அறிவுரையோடு, எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் கூடுதலாக இரண்டு நடை பஸ்ஸும் வேண்டும். இதைக் கேட்டு வாங்கவேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு. அரசுப் பள்ளிகளில் அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான் என்பது பல பெற்றோருக்கே தெரியாது.

பஸ் கிடைக்கவில்லை என்று ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் உரிமம் இல்லாமல் ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

நாளைக்கே தொடங்க...

சைக்கிள் வாங்கும்போது, "வளர்ற பையன்தானே, பெரிசாவே வாங்கிடலாம்" என்ற கணக்கு சட்டைக்குச் சரி, சைக்கிளுக்குச் சரியில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கால் விரல்களும் தரையைத் தொட வேண்டும். அவசரத்துக்குக் கால் ஊன்ற முடியாத சைக்கிள்தான் முதல் ஆபத்து. இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, மணி அடிக்கிறதா, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். டியூஷன் முடிந்து இருட்டில் வரும் பிள்ளை என்றால் விளக்கும் ஹெல்மெட்டும் அவசியம்.

புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மிதிக்க வேண்டாம், கேரியரில் கட்டிவிடுங்கள். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020-ம் ஆண்டு புத்தகப்பைக் கொள்கை. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3 கிலோ. இன்றைக்கு மாலை பையை ஒரு முறை எடைபோட்டுப் பாருங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ட்ராஃபிக் இல்லாத நேரத்தில், பிள்ளையோடு அந்த வழியைப் போய்வாருங்கள். நீங்கள் ஸ்கூட்டரில் போகும் மெயின்ரோடே சைக்கிளுக்கும் வழியாக இருக்க வேண்டியதில்லை. உள்தெரு வழியாகப் போனால் அரை கிலோமீட்டர் கூடலாம், லாரி இருக்காது. எந்த வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பும், எந்த வீட்டு நாய் துரத்தும், எந்த இடத்தில் மேன்ஹோல் மூடி எகிறி நிற்கும் என்று பிள்ளையே சொல்லும். பெரிய சந்திப்பு வந்தால் மிதித்துக்கொண்டே கடக்க வேண்டாம், இறங்கித் தள்ளிக்கொண்டே தாண்டச் சொல்லுங்கள். வழியில் ஒரு பஞ்சர் கடை இருந்தால் அந்தக் கடைக்காரரிடம் பிள்ளையை அறிமுகப்படுத்தி, உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.